மலை உச்சியில் நின்று பூமியை அளந்த அல்-பிரூனி: அந்தக் கணக்கு எவ்வளவு சரி?

கேள்வி இது: "அல்-பிரூனி என்ற முஸ்லிம் அறிஞர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மலை உச்சியில் நின்றபடி பூமியின் ஆரத்தை 99 சதவீதம் துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டார் என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. உண்மையா? அவர் யார், வேறு என்ன செய்தார்?"

அவர் மலை ஏறியதும் உண்மை, அளந்ததும் உண்மை. அளந்த முறை அபாரமானது. அந்த 99 சதவீதத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் நில அளவை வேலையில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவன். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டில் ஒரு கோணத்தை எடுத்தால், இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று திருப்பித் திருப்பிப் பார்த்துச் சராசரி எடுத்தால்தான் மனசு ஆறும். அந்தப் பழக்கத்தில் இருப்பவனுக்கு அல்-பிரூனியின் கணக்கைப் பார்த்தால் முதலில் வியப்பும் அப்புறம் சந்தேகமும் வரும். அந்தச் சந்தேகம் தீரும்போது அவர் மேல் இருக்கும் மரியாதை கூடத்தான் செய்யும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இடம் நந்தனா கோட்டை. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஜீலம் மாவட்டத்து உப்பு மலைத்தொடரில் இருக்கிறது. குன்றின் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. கடல்பரப்பைப் போல அது தட்டையாக இருந்ததால்தான் அளவுக்கு அந்த இடம் உதவியது என்று அவரே எழுதுகிறார்.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கலீஃபா அல்-மஃமூன் காலத்தில், வானியலாளர்கள் வேறு விதமாகப் பூமியை அளந்தார்கள். பாலை நிலத்தில் நேர் வடக்காக ஒரு குழு, நேர் தெற்காக ஒரு குழு. வானில் துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை நடந்து, நடந்த தூரத்தை அளந்தார்கள். ஒரு பாகைக்குச் சுமார் 56 மைல் என்று வந்தது. அந்த மைல் 4,000 முழம். அல்-பிரூனிக்கும் இதே முறையில் தானே ஒரு தடவை அளந்து பார்க்க ஆசை. காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே தஹிஸ்தான் பக்கம் முயன்றார். ஆள் உதவி இல்லை, விட்டுவிட்டார். பாலைவனத்தில் நாள்கணக்கில் அளந்துகொண்டே போவது தனி ஆளால் ஆகிற காரியமா?

நந்தனாவில் அவர் கையாண்டது தனி ஆளால் செய்யக்கூடிய வழி. முதல் வேலை, குன்றின் உயரம். கீழே சமவெளியில் நின்று, விளிம்பில் அளவு குறித்த சதுரப் பலகை ஒன்றை வைத்து உச்சியைக் குறிபார்க்க வேண்டும். பிறகு சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளியிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு பார்வைக்கும் இடையே உள்ள தூரம் தெரிந்தால், மலைக்குள் புகுந்து அளக்காமலே உயரம் வந்துவிடும். எங்கள் துறையில் இன்றும் அடி நெருங்க முடியாத கோபுரத்துக்கும் மலைக்கும் இதே கணக்குதான். அவருக்குக் கிடைத்தது 652 முழமும் ஒரு துளியும்.

இரண்டாவது வேலை உச்சியில். அங்கே நின்று நேர் கிடைமட்டமாகப் பார்த்தால் பார்வை வானத்துக்குத்தான் போகும். தொடுவானக் கோடு அதற்குக் கொஞ்சம் கீழே இறங்கித் தெரியும். பூமி தட்டையாக முடிவின்றி நீண்டிருந்தால் இந்த இறக்கம் இருக்காது. வளைந்திருப்பதால் இருக்கிறது. இறங்கிய கோணமும் நிற்கும் உயரமும் தெரிந்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிடும். பூமியின் மையம், நாம் நிற்கும் உச்சி, பார்வைக் கோடு தரையைத் தொடும் இடம் ஆகிய மூன்றும் அதன் முனைகள். அதில் தெரியாதது பூமியின் ஆரம் ஒன்றுதான். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

அவர் பார்த்த கோணம் 34 கலை. கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, மினிட் என்று சொல்கிறோமே அது. பௌர்ணமி நிலா நம் கண்ணுக்கு ஏறக்குறைய 31 கலை அகலம் தெரியும். ஆக, அந்த முழு இறக்கமும் ஒரு நிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இதை வைத்து அவர் கண்ட ஆரம் 12,803,337 முழம். சுற்றளவுக்கு 22/7 போட்டுப் பெருக்கி, 360 ஆல் வகுத்து, ஒரு பாகைக்கு 55 மைலும் 53 கலையும் 15 விகலையும் என்று முடிக்கிறார் (இங்கே கலை என்பது மைலில் அறுபதில் ஒரு பங்கு, விகலை அந்தக் கலையில் அறுபதில் ஒரு பங்கு).

சரி, இப்போது சந்தேகங்கள். முதலாவது, அந்த முழம் எவ்வளவு நீளம்? 49.3 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஆரம் 6,312 கிலோமீட்டர் வரும். உண்மையான சராசரி 6,371. பிரமாதம். 48 சென்டிமீட்டர் என்று வைத்தால் 6,146 ஆகிவிடும். 50 என்றால் 6,402. ஆய்வாளர்கள் இந்த முழத்தின் நீளத்தில் ஒத்துப்போகவில்லை. முழத்தைக் கொஞ்சம் இழுத்தாலோ சுருக்கினாலோ சதவீதம் நமக்குப் பிடித்த மாதிரி வரும் என்றால், அந்தச் சதவீதத்தை வைத்துப் பெருமை பேச முடியாது.

இரண்டாவது, கோணத்தில் ஒரு கலை தவறினால் விடையில் ஏறக்குறைய 6 சதவீதம் தவறும். ஒரு கலை என்பது நிலாவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் அதைப் பிரித்துப் பார்ப்பது லேசான வேலையே இல்லை.

மூன்றாவதுதான் ஒரு சர்வேயர் உடனே கேட்பது. 320 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறக்குறைய 64 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். பஞ்சாபின் புழுதியையும் வெயிலையும் தாண்டி அத்தனை தூரம் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் தரைக்கு மேலே காற்று நெளியும். நான் கோடையில் மதிய வேளையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நட்ட கம்பத்தைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி ஆடும், அந்த நேரத்து அளவைக் குறிப்பேட்டில் எழுதவே மாட்டோம். அதோடு காற்று ஒளியை வளைக்கிறது. அதனால் தொடுவானம் இருக்க வேண்டியதைவிடச் சற்று மேலே தெரியும். நந்தனாவில் கணக்குப்படி இறக்கம் 34.5 கலை இருக்க வேண்டும். ஒளி வளைவதால் சாதாரண நாளில் கண்ணுக்கு 32 கலை போலத்தான் தெரியும். அவருக்கு 34 என்று கிடைத்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

நான்காவது, கணக்குக்குள்ளேயே இருக்கிறது. அக்கால வானியலாளர்கள் அறுபதின் பின்னங்களில் கணக்குப் போட்டார்கள். ஒன்றை அறுபதாகவும், அதில் ஒவ்வொன்றை மறுபடி அறுபதாகவும், இன்னொரு முறை அறுபதாகவும் பிரித்தால் 216,000 துணுக்குகள். 34 கலையின் கோசைன் ஒன்றைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்தால் 10.56 துணுக்கு வரும். அதை 11 என்று முழுமையாக்கிக்கொண்டால்தான் 12,803,337 கிடைக்கிறது. காகிதம் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம், கடைசி இலக்கம் வரை பொருந்தும். 10.56 என்றே வைத்தால் ஆரம் 13,332,000 முழத்தை ஒட்டி வரும், அதாவது 4 சதவீதம் கூடும். அந்தப் புகழ்பெற்ற நெருக்கத்தில் ஒரு பகுதி, எண்ணை முழுமையாக்கியதிலிருந்து வந்திருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் அவர் மேல் மரியாதை கூடும் என்கிறேன்? தன் விடை மஃமூன் காலத்து ஆட்களின் விடைக்கு நெருங்கி வந்ததைக் கண்டதும் அவர் தன் எண்ணைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அவர்களுடைய கருவிகள் இன்னும் நுட்பமானவை, உழைப்பும் பெரியது என்று சொல்லி அவர்கள் எண்ணையே பயன்படுத்தினார். இந்த வழி தன் மூளையில் முதலில் உதித்தது என்றும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. மஃமூன் பைசாந்தியர்கள் மேல் படையெடுத்தபோது உடன் போன வானியலாளர் சனத் இப்னு அலீ, கடலோர மலை ஒன்றில் ஏறித் தொடுவானத்தின் இறக்கத்தை அளந்ததை அல்-பிரூனியே தன் நூலில் பதிவு செய்கிறார். இன்று அவர் பெயரில் பரவும் செய்திகள் அவர் செய்யாத உரிமைகோரலை அவர் வாயில் போடுகின்றன. அது அவருக்கு நாம் செய்கிற அநியாயம்.

இனி அவர் யார் என்பது. 973இல், அரால் கடலுக்குத் தெற்கே குவாரிஸ்ம் நாட்டின் காஸ் நகருக்கு வெளிப்புறத்தில் பிறந்தார். அந்த இடம் இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. 'பிரூன்' என்றால் பாரசீகத்தில் வெளியே என்று பொருள். புறநகர்க்காரர் என்பதே பெயராகிவிட்டது. நம் பள்ளிப் புத்தகங்களில் அல்பெருனி என்று வருபவர் இவர்தான். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அபூ நஸ்ர் மன்சூர் இவருக்கு ஆசிரியர். பதினேழு வயதிலேயே சூரியனின் உச்சி உயரத்தை வைத்துக் காஸ் நகரின் அட்சரேகையைக் கண்டார். 995இல் உள்நாட்டுப் போர் வந்து ஆட்சி மாறியது. ஒளிந்து, ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அப்போது பெரிய வளையக் கருவி ஒன்றை அமைத்து அளக்கத் தொடங்கியிருந்தார், பாதியில் போனது.

ஓடிய காலத்தில் தெஹ்ரானுக்குப் பக்கத்தில் உள்ள ரய் நகரில் அல்-குஜந்தி என்பவரைச் சந்தித்தார். குஜந்தி ஒரு பெரிய கட்டடத்தையே கோணமானியாகக் கட்டி, பூமியின் அச்சுச் சாய்வை அளந்தவர். விடை சற்றுத் தவறாக வந்திருந்தது. சூரிய ஒளி நுழையும் துளை இருந்த பகுதி ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிட்டதுதான் காரணம் என்பதை அல்-பிரூனி குஜந்தியிடமே பேசி அறிந்து எழுதிவைத்தார். கருவி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, அது நிற்கும் தரையையும் கவனி என்கிற இந்தப் பாடம் இன்றைக்கும் அளவுக்காரர்களுக்கு உயிர்நாடி.

997 மே 24 அன்று ஒரு சந்திர கிரகணம். அதற்குள் ஊர் திரும்பியிருந்த அவர் காஸில் இருந்து பார்த்தார். பாக்தாதில் அபுல் வஃபா என்ற கணித மேதை பார்த்தார். இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு செய்த வேலை இது. கிரகணம் உலகம் முழுக்க ஒரே நொடியில் நிகழும், ஆனால் உள்ளூர் நேரம் ஊருக்கு ஊர் வேறு. ஒரு மணி நேர வித்தியாசம் என்றால் 15 பாகை தீர்க்கரேகை வித்தியாசம். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் வானத்தையே கடிகாரமாக்கி இரண்டு ஊர்களின் தூரத்தைக் கண்டார்கள். அப்போது அவருக்கு வயது 23.

புகழ்பெற்ற மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு சீனாவோடு நடந்த கடிதப் போரும் ஏறக்குறைய இந்தக் காலம்தான். அரிஸ்டாட்டிலின் இயற்பியலில் தனக்குப் பட்ட ஓட்டைகளைப் பதினெட்டுக் கேள்விகளாக்கி அனுப்பினார். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சூட்டில் பொருள் விரியும், குளிரில் சுருங்கும் என்றால், குடுவையில் தண்ணீர் உறையும்போது குடுவை ஏன் உடைகிறது? பனிக்கட்டி ஏன் மிதக்கிறது? சமையலறையில் கேட்கக்கூடிய கேள்விதான், ஆனால் அரிஸ்டாட்டில் சொன்னதோடு ஒத்துப்போகாத கேள்வி.

1017இல் கஜினி முகமது என்று நாம் சொல்லும் மஹ்மூத் குவாரிஸ்மைப் பிடித்தார். அல்-பிரூனியும் அவருடைய ஆசிரியரும் இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள கஜினிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் காபூல் அருகே ஒரு கிராமத்தில் இருந்தார். நோவாவும் லோத்தும் பட்ட துன்பத்தைப் போல் தானும் படுவதாக எழுதுகிற அளவுக்கு மோசமான நிலை. கையில் ஒரு கருவியும் இல்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பி, பின்புறத்தில் ஒரு வட்டவில் வரைந்தார். ஒவ்வொரு பாகையையும் ஆறாகப் பிரித்தார். தூக்குநூல் கட்டிச் செங்குத்தாக்கி, அந்த இடத்தின் அட்சரேகையை அளந்தார். நகரங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் காண்பது பற்றிய 'தஹ்தீத்' நூல் 1025இல் முடிந்தது. நந்தனா மலைக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. இளமையில் சூரிய கிரகணத்தை நேராகப் பார்த்துத் தன் கண் கெட்டுப்போனதையும், தண்ணீரில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதே நல்லது என்பதையும் அதே நூலில் சொல்கிறார்.

மஹ்மூதின் படைகளால்தான் அவருக்கு இந்தியா திறந்தது, இதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படையெடுப்பு பற்றி அவர் எழுதியதைப் படிக்க வேண்டும். மஹ்மூத் அந்த நாட்டின் செழிப்பை அழித்தார், இந்துக்கள் நாலாபக்கமும் சிதறிய தூசியைப் போலவும் மக்கள் வாயில் வழங்கும் பழங்கதையைப் போலவும் ஆனார்கள், மிஞ்சியவர்களுக்கு முஸ்லிம்கள் மேல் தீராத வெறுப்பு வந்தது, அவர்களுடைய அறிவு நம் கை எட்டாத காஷ்மீருக்கும் காசிக்கும் போய்விட்டது என்று எழுதினார். மஹ்மூத் இறந்தது 1030இல். இந்தியாவைப் பற்றிய அந்த நூலும் அதே ஆண்டை ஒட்டித்தான் முடிந்தது. மஹ்மூதின் மகன் மசூத் ஆளவந்த காலத்தில் இதை எழுதத் துணிவு வேண்டும்.

அந்த நூலில் 80 அத்தியாயங்கள். சமஸ்கிருதம் கற்கும்போது பட்ட பாட்டை ஒளிக்காமல் சொல்கிறார். ஒரே பொருளுக்குப் பல பெயர், ஒரே பெயருக்குப் பல பொருள். பண்டிதர் வாயிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டு, உச்சரிப்பை மெனக்கெட்டு எழுதிக்கொண்டு, அதையே அவர்களிடம் திருப்பிச் சொன்னால் அவர்களுக்கே அடையாளம் தெரியவில்லையாம். புதிய மொழி கற்ற யாருக்கும் இது தெரிந்த வேதனை. விடாமல் பதஞ்சலியின் யோக நூலையும் சாங்கிய நூல் ஒன்றையும் அரபியில் கொடுத்தார். திரும்பக் கொடுக்கவும் நினைத்தார். யூக்ளிடின் நூலையும் தாலமியின் வானியல் நூலையும் இந்தியர்களுக்காகச் சமஸ்கிருதத்தில் சுலோகமாக்கிக்கொண்டிருந்ததாக அவரே சொல்கிறார்.

புகழ மட்டும் செய்தார் என்று நினைக்க வேண்டாம். இந்தியக் கணித நூல்களில் முத்தும் சாணமும் கலந்து கிடக்கின்றன என்று கடுமையாகவே எழுதினார். கிரகணத்தின் உண்மைக் காரணம் பிரம்மகுப்தருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் ராகு கதைக்கு இடம் கொடுத்தார் என்று வருந்துகிறார். ஆரியபட்டரின் வழி வந்தவர்கள் சொன்ன பூமியின் சுழற்சி பற்றி, பூமி சுழல்கிறது என்று கொண்டாலும் வானியல் கணக்குக்கு ஒரு குறையும் வராது என்று நிதானமாகச் சொல்கிறார். அதைப் பற்றித் தான் எழுதிய தனி நூலையும் குறிப்பிடுகிறார். அந்த நூல் நம் கைக்கு வரவில்லை.

வட இந்தியச் சமவெளியைப் பார்த்து அவர் செய்த ஊகம் இன்னொரு அழகு. மலையடியில் ஆறு வேகமாகப் பாயும் இடத்தில் கற்கள் பெரியவை, உருண்டவை. தள்ளிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்து, ஆறு மெதுவாகும் இடத்தில் பொடியாகி, கடலை நெருங்கும்போது மணலாகிவிடுகின்றன. இதை வைத்து, இந்த நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று முடிவு செய்தார்.

தெற்கே அவர் வந்ததில்லை. பஞ்சாபைத் தாண்டி அதிகம் போகவில்லை. ஆனாலும் கேள்விப்பட்டதை எழுதிவைத்தார். இந்தியாவின் எழுத்து வகைகளைப் பட்டியலிடும்போது திராவிட தேசத்துத் திராவிட எழுத்து என்று ஒன்றைச் சொல்கிறார். சரந்தீபுக்கு (இலங்கைக்கு) எதிரே உள்ள ராம்ஷேர், அங்கிருந்து 2 ஃபர்சக் (பழைய பாரசீகத் தூர அளவு) தொலைவில் சேதுபந்தம் என்றும் வருகிறது. ராமேஸ்வரமும் ராமர் சேதுவும் கஜினியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் குறிப்பேட்டில் இடம்பிடித்தது தமிழில் படிக்கிற நமக்குத் தனி மகிழ்ச்சி. சோழநாட்டில் ராஜேந்திரன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

கல் சோதனை பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். மரகதத்தைப் பார்த்தால் பாம்புக்குக் கண் போய்விடும் என்று அக்காலத்தில் பெரிய பெரிய ஆட்களே எழுதியிருந்தார்கள். அல்-பிரூனி ஒரு பாம்பைப் பிடித்துவைத்தார். அதன் கழுத்தில் மரகத மாலை போட்டார். கூண்டுக்குள் மரகதங்களைப் பரப்பினார். முகத்துக்கு நேராகச் சரத்தை ஆட்டினார். கோடையும் குளிருமாக ஒன்பது மாதம் இப்படி. அதன் கண்ணில் மரகதத்தை மையாகத் தீட்டாததுதான் பாக்கி, பாம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று எழுதினார். உலோகங்களின், மணிகளின் அடர்த்தியைக் காண அவர் செய்த பாத்திரமும் இந்த வகைப் பொறுமைதான். கூம்பு வடிவம், குறுகிய கழுத்து, கழுத்தில் வளைந்த மூக்கு. நிரம்பிய பாத்திரத்தில் பொருளைப் போட்டால் அதே கன அளவு நீர் மூக்கு வழியாகத் தராசுத் தட்டில் விழும். கழுத்து குறுகலாக இருந்தால்தான் ஒரு சொட்டு வித்தியாசமும் தெரியும்.

மசூதின் பெயரில் எழுதிய பெரிய வானியல் நூலான 'அல்-கானூன் அல்-மசூதி'க்குப் பரிசாக யானை சுமக்கும் அளவு வெள்ளி வந்தது, அவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிற்காலத்தில் யாகூத் என்பவர் எழுதினார். 1036ஐ ஒட்டித் தன் நூல்களை அவரே பட்டியலிட்டபோது 113 இருந்தன. மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

கடைசி நூல் மருந்துகளைப் பற்றியது, 'ஸய்தனா'. எண்பதை நெருங்கிய வயது, கண்ணும் காதும் தளர்ந்துவிட்டன, உதவிக்கு ஒரு மருத்துவர் துணையிருந்தார். ஒவ்வொரு மூலிகைக்கும் அரபியில் என்ன பெயர், பாரசீகத்தில் என்ன, கிரேக்கத்தில், சிரியாக்கில், இந்திய மொழிகளில் என்ன பெயர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முன்னுரையில் சிறுவயது நினைவு ஒன்று வருகிறது. அவர்கள் நாட்டுக்கு ஒரு கிரேக்கர் வந்து தங்கியிருந்தார். சிறுவன் பிரூனி தானியம், விதை, பழம், செடி என்று கையில் அகப்பட்டதை எல்லாம் அவரிடம் எடுத்துக்கொண்டு போவான். உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்பான். சொன்னதை எழுதிக்கொள்வான்.